பின்லாந்துக்கு ஆட்சேபணை உண்டு

பிரஸ்ஸல்ஸில் யூரோ நாடுகளின் நிதி அதிகாரிகள் கூடும் குழுவில் என்ஸியோ கிவியார்வியை யாருக்கும் பிடிக்காது. அது அவருக்கும் தெரியும். தெரிந்து, உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஹெல்சிங்கியில் நிதி அமைச்சகத்தின் மூத்த அதிகாரி அவர். பதினைந்து வருஷமாகக் குழுவில் பின்லாந்தின் நாற்காலி அவருடையது. ஒரே நாணயத்தை வைத்துக்கொண்டிருக்கும் அந்த இருபது நாடுகளும் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு போட்டு வைத்திருக்கின்றன. எந்த அரசும் வரவுக்கு மேல் செலவு செய்யலாம். ஆனால் விழுகிற துண்டு, நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவன் கண்மண் தெரியாமல் கடன் வாங்கினால் வட்டி எல்லார் தலையிலும் விடியும் அல்லவா, அதற்காக. தாண்டினால் நடவடிக்கை, கண்காணிப்பு, வெட்டு.

எழுத்தில் அப்படி. நடப்பில் என்ன ஆகும் என்றால், தாண்டிய நாடு கண்ணைக் கசக்கும். வெள்ளம் என்று சொல்லும், தேர்தல் என்று சொல்லும். நாளைக்கு இந்தக் கதி நமக்கும் வரலாமே என்று மற்ற நாடுகள் மெல்லத் தலையை ஆட்டும். அந்த நேரம் பார்த்து மேஜையின் கோடியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். என்ஸியோ மைக்கை அழுத்தியிருப்பார். கோபப்பட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். விதியை எடுத்து முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிப்பார். படித்து முடித்துவிட்டு விளக்கை அணைத்துவிடுவார். அதற்குப் பிறகு தலையாட்டியவர்களுக்கு மேற்கொண்டு ஆட்ட முகம் இருக்காது. கிரீஸ் நாட்டுப் பிரதிநிதி தெஸ்பினா கர்வூனிதான் அவருக்கு வாத்தியார் என்று பெயர் வைத்தார். கடன் நெருக்கடியில் அந்த அம்மாளின் நாடு பட்ட அடியில் பாதிக்காவது அவர் வாசித்த வரிகள் சாட்சி.

அப்பேர்ப்பட்ட வாத்தியார், அந்தப் பிப்ரவரியில், தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்டை நாட்டோடு உறவு முறிந்து கிழக்கு எல்லை மூடிக் கிடந்தது. அந்தப் பக்கத்து வியாபாரம் அடியோடு போயிற்று. பாதுகாப்புச் செலவு ஏறிற்று. வீடு கட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பின்லாந்தின் துண்டு மூன்றைத் தாண்டி மூன்று புள்ளி நான்கில் நின்றது. மறுபடி கூட்டிப் பார்த்தார். அது நகரவில்லை.

அன்று மாலை வீட்டில் மனைவி ஹெல்மியிடம் சொன்னார். ஹெல்மி பனிச்சறுக்குக் கட்டைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அப்போ ஊருக்குத்தான் உபதேசம்னு ஆயிடுச்சு" என்றாள்.

"நானா செலவு பண்ணேன்?"

"கிரீஸ்ல அந்தப் பொம்பளையா செலவு பண்ணிச்சு? அதுகிட்ட உக்காந்து படிச்சுக் காட்டினே இல்ல."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். என்ஸியோவுக்கு வந்தது தலைவலி இல்லை, அப்பட்டமான வெட்கம். அந்த மேஜையில், அத்தனை கண்களுக்கும் எதிரே, குற்றவாளியின் இடத்தில் தான் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தார். அதிலிருந்து தப்ப ஒரு வழி கிடைத்தால் போதும் என்று தோன்றியது.

வழி இருந்தது. விதியிலேயே ஒரு சின்ன வாசல் உண்டு. மீறல் சிறியது, தற்காலிகமானது, நாட்டின் கையை மீறிய காரணத்தால் வந்தது என்று காட்டிவிட்டால் நடவடிக்கை இல்லாமல் விட்டுவிடலாம். பதினைந்து வருஷமாக மற்றவர்கள் அதில் நுழைந்துவிடாமல் காவல் காத்தவர் என்ஸியோ. காவல் காத்தவனுக்குத்தானே தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று தெரியும். இரண்டே நாளில் அழகான வாதம் ஒன்றைத் தயார் செய்துவிட்டார். அவரே எதிர்த்து நின்றாலும் உடைக்க முடியாத வாதம்.

வியாழக்கிழமை. அமைச்சகத்து உணவகத்தில் வழக்கம்போல் பட்டாணி சூப்பும், பின்னால் தட்டையான அப்பமும் பழக்கூழும். தட்டேந்தி நின்ற வரிசையில் நிதி அமைச்சர் கைசு ரிந்தாமாக்கியும் நின்றுகொண்டிருந்தார். வடமேற்கே பொஹ்யன்மா பக்கத்து உருளைக்கிழங்கு விவசாயியின் மகள். நாற்பது வயதுதான். தேர்தல் மேடைகளில் பிரஸ்ஸல்ஸைக் கிழி கிழியென்று கிழித்து ஓட்டு வாங்கியவர். இவருக்கு இந்த வாதம் சர்க்கரையாக இனிக்கும் என்று என்ஸியோ நம்பினார். எதிரே போய் உட்கார்ந்தார்.

"எவ்வளவு?" என்றார் கைசு. வணக்கம், சௌக்கியமா எல்லாம் அவரிடம் கிடையாது.

"மூணு புள்ளி நாலு."

"அது மூணுக்கு மேல."

"மேலதான். ஆனா வழி இருக்கு, கைசு." என்ஸியோ விளக்கினார். கைசு சூப்பில் கடுகு விழுதைப் பிழிந்து கலக்கியபடி முழுதும் கேட்டார்.

"நல்லா இருக்கு" என்றார். "இதையே போர்ச்சுகல் கேட்டப்ப நாம என்ன சொன்னோம்?"

"முடியாதுன்னு சொன்னோம்."

"சொன்னது யாரு?"

என்ஸியோ கரண்டியைக் கீழே வைத்தார். "நான்தான்."

"அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கோம். அதையே நமக்கும் சொல்லிக்குவோம்."

"எனக்கு வெக்கமா இருக்கு கைசு. அங்க போய் உக்காரப்போறது நான்."

"வெக்கமாத்தான் இருக்கும். எனக்கும் இருக்கு. அதுக்காகத் தலையணைக்கடியில ஒளிச்சு வெக்க முடியுமா?" கைசு ஒரு வாய் சாப்பிட்டார். "எங்க ஊர்ல கூட்டுறவுக் கிடங்குக்கு உருளைக்கிழங்கு கொண்டு போவோம். மூட்டையில அழுகல் இருந்தா கொண்டுபோறவனே முன்னாடி சொல்லிடணும். எடை போடறவன் கண்டுபிடிச்சான்னு வைங்க, அப்புறம் அந்த வீட்டு மூட்டையைப் பேரன் காலம் வரைக்கும் பிரிச்சுக் கொட்டித்தான் பார்ப்பாங்க. பிரஸ்ஸல்ஸ்ல எப்ப எண்ணுவாங்க?"

"ஏப்ரல் கடைசியில."

"நாம இப்பவே சொல்லிடுவோம்."

"அவங்க கேக்கறதுக்கு முன்னாடியேவா? இதுவரைக்கும் எந்த நாடும் அப்படிச் செஞ்சதா எனக்கு ஞாபகம் இல்ல."

"அழுகினது நம்ம மூட்டை" என்றார் கைசு. "அந்த அப்பம் ஆறுது, சாப்பிடுங்க."

கேட்காமலே குற்றத்தை ஒப்புக்கொள்வது என்பது அந்த ஜனங்களுக்கே உரிய அசட்டுத்தனம். பேருந்தில் சீட்டு வாங்க மறந்துவிட்டு, இறங்கிய பிறகு நடந்தே அலுவலகத்துக்குப் போய்க் காசைக் கட்டுகிற ஆட்களைக்கூட அங்கே பார்க்கலாம். மறு வாரமே பிரஸ்ஸல்ஸுக்குத் தகவல் போயிற்று. அங்கே அதை வாங்கியவர்கள், இது ஏதோ புதுத் தந்திரம் என்று நினைத்து இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம்.

சொல்லியாயிற்று. இனி வெட்ட வேண்டும். ஏப்ரலில் அமைச்சரவை சாட்டுதாலோ மாளிகையில் கூடியது. பட்ஜெட்டுக்காகக் கூடும் கூட்டத்தை அங்கே கதிரடி என்றுதான் சொல்வார்கள். பழைய காலத்தில் களத்தில் கதிரடித்துப் பதர் பிரித்த ஞாபகம். வாசலில் நிருபர்கள் தெர்மாஸ் குடுவைகளோடு நின்றார்கள். உள்ளே ஏலக்காய் போட்ட ரொட்டிச் சுருள்கள், காபி, உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட அமைச்சர்கள். குறிப்பெடுக்க என்ஸியோ ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

சமூக நலத்துறை அமைச்சர் தோர்ஸ்தி ஆல்க்விஸ்ட்தான் முதலில் பொங்கினார். கூட்டணிக் கட்சிக்காரர், பருமனான, நல்ல மனுஷர்.

"வாசல் திறந்திருக்கு, எல்லாரும் அதுல போறாங்க. நாம மட்டும் சுவத்துல முட்டிக்கிட்டுதான் போவோம்னா என்ன அர்த்தம்? கைசு, தயவு செஞ்சு நம்ம தாத்தாங்க போர்க் கடனைக் கடைசிக் காசு வரைக்கும் கட்டின கதையை மட்டும் மறுபடி சொல்லிடாதீங்க."

"சொல்லல" என்றார் கைசு. "எங்க தாத்தா ஒரு கடனும் கட்டல. கள்ளச் சாராயம் காய்ச்சினாரு."

யாரோ சிரித்தார்கள். கைசு சிரிக்கவில்லை.

"இந்த விதி நல்லதா கெட்டதாங்கறது வேற சண்டை, தோர்ஸ்தி. எனக்கும் அதுல பாதி பிடிக்காது. மாத்தணும்னு கேக்கலாம், நானே முன்னாடி நிக்கிறேன். ஆனா அது இருக்கற வரைக்கும் இருக்கு. கிரீஸ்காரனுக்கு இருந்தப்ப நமக்கு நல்லா இருந்துச்சு. நமக்கு வந்ததும் சின்னது, தற்காலிகம்னு சொன்னா, அன்னைக்கு நாம பேசினதெல்லாம் விதி இல்ல, வெறும் திமிருன்னு ஆயிடும்."

"பேசறது சுலபம். நான் ஆஸ்பத்திரியில வார்டு மூடணும். மூடிட்டு, வர்றவங்ககிட்ட உங்க பேரைத்தான் சொல்வேன்."

"சொல்லுங்க. என் பேரையே சொல்லுங்க."

பிறகு அவர் செய்ததை என்ஸியோ எத்தனையோ பேரிடம் பின்னால் சொல்லியிருக்கிறார். கைசு தன் தொகுதிக்கு ஒரு இரட்டை ரயில் பாதை வாங்கி வைத்திருந்தார். தேர்தலில் அவரை ஜெயிக்க வைத்ததே அந்தப் பாதை. பேனாவை எடுத்து அதை அடித்தார். அடித்த தாளை மேஜை நடுவில் தள்ளிவிட்டு, "இது என்னோடது. அடுத்து யாரு?" என்றார்.

கல்வி அமைச்சர் கண்ணாடியைத் துடைத்தார். தோர்ஸ்தி ஒரு ரொட்டிச் சுருளை முழுதாகத் தின்று முடித்தார். தின்றுவிட்டு, தன் துறைக்காகக் கட்டவிருந்த புதிய கட்டடத்தையும் ஆஸ்பத்திரி வார்டையும் அடித்தார். அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக அடித்தார்கள். யாரும் அழவும் இல்லை, தட்டிக்கொடுத்துக்கொள்ளவும் இல்லை. பிரதமர் கடைசியில், "அப்ப சரி. வெளிய போய்ச் சொல்லிடலாம்" என்றார். வாசலில் நிருபர்களிடம் கைசு ஒரே வாக்கியத்தில் முடித்தார்: தப்பு நம்முடையது, இரண்டு வருஷம் வலிக்கும்.

என்ஸியோ குறிப்புகளை அடுக்கிக்கொண்டு எழுந்தார். இத்தனை வருஷம் ஏட்டில் இருந்ததைப் படித்துக் காட்டியவர் அவர். தன் சதையில் வெட்டிக்கொண்டு அதை ஏற்கிறவர்களை அன்றுதான் பார்த்தார். மரியாதை வந்தது. கூடவே, அந்த வாதத்தைத் தயார் செய்த தன்னை நினைத்துக் கூச்சமும் வந்தது.

மே மாதத்தில் குழு கூடியது. புறப்படும் முன் கைசு தொலைபேசியில் ஒன்று சொன்னார்.

"யாராவது இரக்கப்பட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க."

"நம்ம மேல யாரு கைசு இரக்கப்படப் போறாங்க?" என்றார் என்ஸியோ. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்து, இருப்பதிலேயே நல்ல கோட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

கூட்டத்தில் பின்லாந்தின் முறை வந்தது. மூன்று புள்ளி நான்கு. அந்த நாடே முன்வந்து தெரிவித்தது என்று வாசித்தார்கள். எதிர் வரிசையில் சிவப்பு விளக்கு எரிந்தது. தெஸ்பினா. என்ஸியோ முதுகை நிமிர்த்திக்கொண்டார். கிடைக்கப்போவது கிடைக்கட்டும்.

"மீறல் சின்னது" என்றார் தெஸ்பினா. "தற்காலிகமானது. எல்லை மூடினது அவங்க கையில இல்ல. வேணும்னு தப்புப் பண்ற நாடு இது இல்லன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், கொஞ்சம் ஜாஸ்தியாவே தெரியும்." லேசான சிரிப்பு எழுந்து அடங்கியது. "நடவடிக்கை வேண்டாம், விட்டுடலாம்னு கிரீஸ் கேக்குது."

என்ஸியோ அவரையே பார்த்தார். கிண்டல் இல்லை. போர்ச்சுகல்காரர் ஆமோதித்தார். இன்னும் நாலைந்து தலைகள் ஆடின. அதில் இரக்கம் பாதி, நாளைக்கு நமக்கும் உதவும் என்ற கணக்கு மீதி. எல்லாரையும்விட வேகமாக ஆடியது ஒரு பெரிய நாட்டுப் பிரதிநிதியின் தலை. அடுத்த விஷயமே அவருடைய நாடுதான். பல வருஷமாக மூன்றைத் தாண்டியே நிற்கும் நாடு; மூன்றுக்குள் வர இன்னொரு தவணை கேட்கக் காத்திருந்தது. பின்லாந்தையே விட்டுவிட்டால் அப்புறம் யாரைப் பிடிப்பது?

குழுத் தலைவர் லக்ஸம்பர்க்காரர், மதிய உணவை நினைத்துக்கொண்டிருந்தார். "நல்ல யோசனை" என்றார். "யாருக்கும் ஆட்சேபணை இல்லன்னா, சம்மதம்னு எடுத்துக்கறேன்."

அங்கே நடைமுறை அதுதான். வாக்கெடுப்பு எல்லாம் அபூர்வம். தலைவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். யாரும் பேசாவிட்டால் முடிவாகிவிட்டது என்று பொருள்.

சும்மா இருந்தால் போதும். உலகத்திலேயே என்ஸியோவுக்கு நன்றாக வரும் காரியம் அது. விருந்தில், மின்தூக்கியில், ஏன், சொந்தக் கல்யாணத்தில்கூட அவர் சும்மா இருந்தவர்தான். இந்த ஒரு நிமிஷமும் இருந்துவிட்டால் தோர்ஸ்தியின் வார்டு திறந்திருக்கும். கைசுவின் ரயில் ஓடும். குற்றவாளி நாற்காலியிலிருந்து தானும் எழுந்துவிடலாம். கைசு கேட்டால், குழுவே முடிவு செய்துவிட்டது என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. எல்லாரும் தங்கமான மனசோடு கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்வதில் என்ன தப்பு?

தலைவரின் பார்வை இடப்பக்கத்திலிருந்து சுற்றி வந்துகொண்டிருந்தது. இத்தாலியைக் கடந்தது. மால்டாவைக் கடந்தது. என்ஸியோவுக்கு உயர்ந்த சிந்தனை எதுவும் வரவில்லை. தோர்ஸ்தி அந்த ரொட்டிச் சுருளை மென்று விழுங்கிய முகம்தான் வந்தது. வேண்டாம் என்று கத்திய மனுஷன், கத்தி முடித்துவிட்டுப் பேனாவை எடுத்த முகம். அவ்வளவு பேரும் சேர்ந்து அடித்ததை இங்கே ஒருத்தன் வாயை மூடிக்கொண்டு அழித்துவிடுவதா?

அவர் மைக்கை அழுத்தினார்.

"பின்லாந்துக்கு ஆட்சேபணை உண்டு."

மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடிக் கூண்டில் ஒரு பெண் எழுந்து நின்று பார்த்தாள். தலைவர் கண்ணைச் சுருக்கினார்.

"என்ஸியோ, முடிவு உங்களுக்குச் சாதகமாத்தான் எடுக்கறோம். அது புரியுதில்ல?"

"புரியுது. அதைத்தான் ஆட்சேபிக்கறேன்."

பிறகு வழக்கம்போல் விதியை எடுத்தார். முதல் வரியிலிருந்து படித்தார். 'உறுப்பு நாடு' என்று இருந்த இடத்திலெல்லாம் 'பின்லாந்து' என்று போட்டுப் படித்தார். குரல் இரண்டு இடத்தில் பிசிறியது. நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "மீறல் சின்னதுன்னு தெஸ்பினா கர்வூனி சொன்னாங்க. அவங்களுக்கு என் நன்றி. ஆனா எங்க அரசாங்கம் அப்படி நினைக்கல. என்ன வெட்டணுமோ வெட்டியாச்சு. நடவடிக்கையை எங்க மேல ஆரம்பிக்கும்படி கேட்டுக்கறேன்." விளக்கை அணைத்தார்.

போர்ச்சுகல்காரர்தான் முதலில் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. வீட்டில் பிடிவாதக்காரப் பெரியப்பா ஒருவர் எதையாவது சொல்லிவிட்டால் சிரிப்போமே, அது. சிரிப்பு மேஜையைச் சுற்றி வந்தது. தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு, நடவடிக்கை தொடங்குகிறது என்று பதிவு செய்யச் சொன்னார்.

அடுத்து பெரிய நாடு. அதன் பிரதிநிதி நேர்த்தியான மனிதர், நேர்த்தியாகப் பேசினார். எங்கள் நிலைமை தனி, எங்கள் மக்கள் தனி, எங்கள் வீதிகளில் கூட்டம் கூடினால் கண்டமே ஆடும். இன்னும் ஒரு தவணை. பேசி முடித்ததும் எல்லார் கண்களும் பழக்க தோஷத்தில் என்ஸியோ பக்கம் திரும்பின. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். இன்று தனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று நினைத்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. எதிர் வரிசையில்.

"எனக்கு இதையெல்லாம் வாசிச்சுக் காட்டத் தெரியாது" என்றார் தெஸ்பினா. "ஆனா ஒண்ணு கேக்கறேன். நாங்க அழுதுக்கிட்டே செஞ்சோம். இவங்க இப்ப கேக்காமலே செய்யறாங்க; நாம சலுகை குடுத்தும் வாங்க மாட்டேங்கறாங்க. நீங்க எங்க ரெண்டு பேரைவிடப் பணக்காரங்க. உங்களுக்கு எதுக்கு இன்னொரு தவணை?"

நேர்த்தியான மனிதர் வாயைத் திறந்தார். ஒரு மேஜை முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் சுற்றிலும் பார்த்து, "தவணைக்கு ஆட்சேபணை இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். போர்ச்சுகல் கையைத் தூக்கியது. மால்டாவும் தூக்கியது. அந்த முறை தவணை கிடைக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் என்ஸியோ தாழ்வாரத்தில் நின்று கைசுவைக் கூப்பிட்டார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். நடவடிக்கை ஆரம்பிச்சாச்சு."

"இரக்கப்பட்டாங்களா?"

"நிறையவே பட்டாங்க. வேண்டாம்னுட்டேன்."

"அடுத்தவங்க? அந்தப் பெரிய நாடு? நீங்க பேசினீங்களா?"

"நான் வாயே திறக்கல. கிரீஸ் பேசினாங்க. தவணை போயிடுச்சு."

"கிரீஸா" என்றார் கைசு. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி. எனக்கு இங்க ரயில் பாதைக்காரங்க கொடும்பாவி எரிக்க வந்திருக்காங்க. போய்ப் பார்த்துட்டு வரேன்."

திரும்பினால் தெஸ்பினா நின்றிருந்தார், கையில் காபியோடு.

"ரொம்ப நன்றி" என்றார் என்ஸியோ.

"நன்றியெல்லாம் வேண்டாம், வாத்தியாரே. உங்களுக்காக ஒண்ணும் பேசல. எத்தனையோ வருஷமா உங்களைத் திட்டியே பழகிட்டேன். எனக்கு ராத்திரி தூக்கம் வரலைன்னா உங்களை நினைச்சுத்தான் பல்லைக் கடிப்பேன். இன்னைக்கு அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டீங்க. இது பெரிய நஷ்டம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "நான் குடுத்ததை வாங்கியிருக்கலாம். உங்க ஜனங்களுக்கு வலிக்கும். எவ்வளவு வலிக்கும்னு உங்களுக்கு இன்னும் தெரியாது" என்றார்.

"தெரியாது" என்று ஒப்புக்கொண்டார் என்ஸியோ.

பேசுவதற்கு ஒன்றும் இல்லாதபோது நகர்ந்துவிடுவதுதான் அவர் வழக்கம். அன்று நகரவில்லை.

"அந்த வருஷங்கள்ல உங்க வீட்ல என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

தெஸ்பினா காபிக் கோப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்தார். "எதிரும் புதிருமா இவ்வளவு வருஷம் உக்காந்திருக்கோம்" என்றார். "ஒரு தடவைகூட நீங்க இதைக் கேட்டதில்ல."

"இல்ல. கேட்டதில்ல."

"சொன்னா நேரமாகும். உங்க விமானம் போயிடும்."

"அடுத்ததுல போறேன்."

தாழ்வாரத்தின் கோடியில் ஒரு பெஞ்சு இருந்தது. இருவரும் போய் உட்கார்ந்தார்கள். தெஸ்பினா எங்கே தொடங்குவது என்று யோசித்தார். பிறகு, மருந்துக் கடை வைத்திருந்த தம்பியிடமிருந்து தொடங்கினார். என்ஸியோ குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.